சொறியும் சிரங்கும் தொழிலாளியின் தலையெழுத்தா?

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை. காலைப் பெரட்டு முடிந்து நான் ஆபீசில் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தேன். பால்மரம் வெட்டும் சகோதரி ஒருவர் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். "உடம்பெல்லாம் சிரங்கு, குணமான பிறகு அனுப்புங்கள்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தச் சிறுமி தலையைக் குனிந்துகொண்டு விரல் இடுக்கைச் சொறிந்தபடியே நின்றாள்.

"இது மூணாவது தடவைங்க கிராணி ஐயா. மருந்து பூசினா ஒரு மாசம் நிக்குது. மறுபடியும் வந்துருது. கடைசி லயத்துக்கு வங்காளதேசத்துப் பையன்க வந்த பிறகுதான் இந்தச் சனியன் பிடிச்சது" என்றார் அந்தத் தாய்.

நான் என்ன செய்தேன்? ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். பிறகு, அவர் வேலைக்குப் போகாத அந்த நாளுக்கு அவருடைய பெயருக்கு நேரே "ஆப்சென்ட்" என்று என் கையாலேயே எழுதினேன். முன்னிரண்டு தடவையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். சங்கக் கிளையில் பொறுப்பில் இருக்கிறவன் நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கை கால் முறிந்தால் நஷ்டஈடு கேட்கிறோம். தோலில் வரும் நோயை மட்டும் "தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் சகஜம்" என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். பக்கத்து வீட்டானைக் குறை சொல்வதோடு கடமை தீர்ந்தது என்று இருக்கிறோம். இந்த எண்ணம் தவறு என்பதைத் தொழிலாளத் தோழர்கள் முன் எடுத்துவைக்கவே இதை எழுதுகிறேன்.

சொறி என்பது என்ன?

சொறி ஒரு பூச்சியால் வரும் நோய். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பூச்சி. கண்ணுக்கு எளிதில் தென்படாது. 1687ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் பொனோமோ இதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து எழுதிவைத்துவிட்டார். பெண் பூச்சி நம் மேல்தோலைக் குடைந்து, வளை அமைத்து, அதிலே முட்டையிடுகிறது. சாதாரணமாக ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருக்கும். ஆயினும் அவை தரும் அரிப்பு மனிதனை இரவெல்லாம் எழுப்பி உட்காரவைக்கும்.

அடையாளம் இதுதான். அரிப்பு இரவில் அதிகமாகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மறைவிடம் ஆகிய இடங்களில் சிறு சிறு பருக்கள் காணும். கைக்குழந்தைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சொறியத் தொடங்கினால் வேறு ஐயமே வேண்டாம். சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதைத்தான் சிரங்கு என்கிறோம். அந்தச் சீழுக்குக் காரணமான கிருமி சில குழந்தைகளுக்குச் சிறுநீரக வீக்கத்தைக்கூட உண்டாக்கும். முகம் வீங்கி, சிறுநீர் சிவந்து போனால் தாமதம் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இது அழுக்கால் வரும் நோயன்று. தினம் இருவேளை குளிப்பவனுக்கும் வரும். தோலோடு தோல் நெருங்கி இருக்கிற இடத்தில், ஒரே பாயில் நாலு பேர் படுக்கிற இடத்தில், ஒருவர் துண்டை இன்னொருவர் துடைக்கிற இடத்தில் பரவும். அதாவது நெருக்கடியில் பரவும். அந்த நெருக்கடியை உண்டாக்கியவர் யார்? தொழிலாளியா?

இன்னொன்று. முதன்முறையாகப் பூச்சி தொற்றியவருக்கு அரிப்புத் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அரிப்பே இல்லாத அந்த நாள்களிலும் அவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும். அப்படியானால் இன்று சொறிகிறவன் ஒரு மாதத்துக்கு முன்பே அதைப் பெற்றுக்கொண்டவன். "இவன்தான் கொண்டுவந்தான்" என்று விரலை நீட்ட யாருக்கு முடியும்? கடைசி லயத்துப் பையன் முதல் லயத்திலிருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

ஒரே நாளில் எல்லாரும்

மருந்து இல்லாத நோயா இது? இல்லை. பெர்மெத்ரின் ஐந்து சதவிகித மருந்து இருக்கிறது. பென்ஸைல் பென்ஸோயேட் என்ற பழைய வெள்ளை மருந்தும் இருக்கிறது. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எதைப் பூசுவது என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். பல சமயங்களில் கந்தகக் களிம்பு கொடுப்பார்கள். பெர்மெத்ரினை இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண், விரல் இடுக்கு, தொப்புள் எதையும் விடாமல் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளிக்கவேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடியும் பூசவேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூசவேண்டும்.

மறுநாள் காலையில் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு யாவற்றையும் நல்ல சுடுநீரில் துவைத்து வெயிலில் போடவேண்டும். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். மனித உடம்பை விட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடிராது. மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு அரிப்பு இருக்கலாம். அதைக் கண்டு தினமும் மருந்தைப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளக்கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் எரிச்சலைத் தணிக்கலாம். அதை நம்பி மருந்தை விடக்கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது, பூச்சிமருந்து தடவுவது போன்ற விபரீதங்களை அறவே விடவேண்டும்.

இவ்வளவும் அந்தச் சகோதரி செய்தாரே, ஏன் மூன்று தடவை திரும்பி வந்தது? மருந்து அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அவளோடு படுக்கும் தம்பிக்கு இல்லை. பாட்டிக்கு இல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் பக்கத்து வீட்டுக்கும் இல்லை. ஓட்டைப் பால் வாளியில் ஒரு துளையை மட்டும் அடைத்த கதைதான்.

நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன பிஜித் தீவுகளில் 2012ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை நடந்தது. தீவுவாசிகளை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். முதற்பகுதியில் நோய் கண்டவருக்கும் அவருடன் நெருங்கியிருந்தோருக்கும் மட்டும் மருந்துக் களிம்பு. இரண்டாவது பகுதியில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் களிம்பு. மூன்றாவது பகுதியில் எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. மாத்திரை ஆகாதவருக்குக் களிம்பு. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். முதற்பகுதியில் நூற்றுக்கு 36.6 பேருக்கிருந்த சொறி 18.8ஆகக் குறைந்தது. இரண்டாவது பகுதியில் 41.7 என்பது 15.8 ஆயிற்று. மூன்றாவது பகுதியில் 32.1 என்பது 1.9க்கு இறங்கியது. 2015ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று. உலகச் சுகாதார நிறுவனமும் 2017ஆம் ஆண்டில் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஒருவனுக்கு மட்டும் பூசுவது பாதி வேலை. ஊரே சேர்ந்து செய்தால்தான் முழு வேலை. சங்கத்தில் இருக்கும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைக் களிம்பும் வேலைக் கரப்பானும்

படர்தாமரையைப் பற்றியும் சொல்லவேண்டும். வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து படரும். இது காளான் வகைக் கிருமியால் வருவது. வியர்வையில் நனைந்த துணியோடு நாளெல்லாம் நிற்கும் மரம் வெட்டுகிறவருக்கும், ரப்பர் பூட்சுக்குள் கால் ஊறிக்கிடக்கும் மருந்தடிக்கிறவருக்கும் இது எளிதில் வரும். கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் இந்த இனமே. க்ளோட்ரிமஸோல் போன்ற களிம்பை இரண்டு முதல் நாலு வாரம் பூசவேண்டும். வட்டம் மறைந்ததும் நிறுத்தாமல் மேலும் ஒன்றிரண்டு வாரம் பூசினால்தான் வேரறும். தலையில் வந்தால் களிம்பு போதாது. உள்ளுக்கு மருந்து வேண்டும்.

ஆனால் நம்மவர் செய்வதென்ன? பட்டணத்துக்குப் போனால் யாரோ சொன்ன ஒரு டியூபை வாங்கி வருகிறார்கள். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், "ஆகா, அருமையான மருந்து!" என்பார்கள். அதில் ஸ்டெராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை அடக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. உள்ளே கிருமி வளர்ந்து தொடையெங்கும் படர்ந்த பின் வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும். முகம் வெளுக்கப் பூசும் சில களிம்புகளில் பாதரசமே இருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்குச் சீட்டுக்கு ஒரு வெள்ளிதான். அதை விட்டுக் கடையில் பணத்தைக் கொட்டி நோயை வாங்குவானேன்?

இனி, வேலையே தரும் கரப்பானைப் பார்ப்போம். பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுகிறோம். உறைவதற்கு ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். இரண்டும் தோலை அரிப்பவை. மேலே தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பால் கொட்டகையில் அப்படிக் கழுவக் குழாய் இருக்கிறதா என்று தோழர்கள் நாளைக்கே போய்ப் பார்க்கட்டும். ரப்பர்க் கையுறையில் சேர்க்கும் இரசாயனங்களாலும், ரப்பர்ப்பாலில் உள்ள புரதத்தாலும் சிலருக்குத் தடிப்பு வரும். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாடு நம்முடையது. அந்தக் கையுறைக்குப் பால் தரும் தொழிலாளியின் கையைப் பார்ப்பார் யார்?

மருந்தடிக்கும் பெண்களின் கதை இன்னும் கொடுமை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியால் நகம் நிறம்மாறி விழுந்தது, தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. 2002ஆம் ஆண்டில் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பான் ஆசிய பசிபிக் அமைப்பும் தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டன. அந்த ஆண்டே அரசாங்கம் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை வந்தது. இடையில் போன ஆண்டுகள் எத்தனை நகங்களைத் தின்றனவோ! பாராகுவாட் போயிற்று, வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. முதுகில் சுமக்கும் பம்பு ஒழுகுவது மட்டும் மாறவில்லை.

அரிக்காத தேமல்

அரிப்பதைக் கண்டு அஞ்சுகிறோம். அரிக்காத ஒன்றுக்குத்தான் அதிகம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். மார்பிலும் முதுகிலும் வெளிர்நிறப் பொடியாகப் படரும் தேமல் தீங்கற்றது. ஆனால் தோலில் ஒரு திட்டு வெளுத்தோ சிவந்தோ இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். மறைக்கவேண்டாம், ஓடிப்போய்க் காட்டவேண்டும். 1981ஆம் ஆண்டிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்தை ஆறு மாதம் அல்லது ஓராண்டு உட்கொண்டால் முழுக்கக் குணமாகிவிடும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குப் பரவாது.

ஜெரெஜாக் தீவை நினைப்போம்

பினாங்குப் பாலத்தில் பஸ் போகும்போது தெற்கே பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரியும். அதுதான் ஜெரெஜாக் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். கப்பலில் வந்திறங்கும் கூலிகளைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் முகாமும் அங்கே இருந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கும் முன்னே, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த என் கொள்ளுத்தாத்தா அந்த முகாமில் இருந்தவர். வரிசையில் நிற்கவைத்து, துணியைக் களையச் சொல்லி, மருந்துத் தண்ணீரை மேலே ஊற்றினார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். "கூலி என்றால் சொறியும் சிரங்கும் கொண்டுவருகிறவன்" என்பதே அன்றைய வெள்ளைத் துரைமாரின் எண்ணம். அந்த அவமானத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லையாம்.

இன்று அந்தச் சொல்லை நாம் யார்மேல் எறிகிறோம்? கடைசி லயத்தில் ஓர் அறையில் எட்டுப் பேராக அடைந்துகிடக்கும் வங்காளதேசத்துப் பையன்கள்மேல்! அவர்களுக்கும் அதே சொறி இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. நோய் என்று தெரிந்தால் போமேமா சோதனையில் தள்ளி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கடன் வாங்கி வந்தவன் வெறுங்கையோடு எப்படித் திரும்புவான்? அவன் மறைத்தான், நாம் ஏசினோம், பூச்சி மட்டும் இரண்டு லயத்திலும் சுகமாக வாழ்ந்தது.

என்ன கேட்கவேண்டும்?

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் வந்த விதிகளின்படி, பொதுக்கூடமாக அல்லாத விடுதியில் ஒருவருக்குப் படுக்க 3.6 சதுர மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். தனித்தனிக் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காகக் கொடுக்கவேண்டிய கையுறைக்கும் பூட்சுக்கும் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. வேலையால் வந்த தோல்நோய்க்குச் சொக்சோவில் மனுச்செய்யலாம். 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் சொக்சோவில் அடக்கம். இவற்றை ஒட்டிக் கிளைச் சங்கங்கள் கேட்கவேண்டியவை:

ஒன்று: ஒரு வீட்டில் சொறி கண்டால் அந்த லயம் முழுவதற்கும், நம்மவர் அயலவர் என்ற பேதமின்றி, நிர்வாகச் செலவில் ஒரே நாளில் மருந்து.

இரண்டு: மருந்து பூசவும் துணி துவைக்கவும் வேண்டிய நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகக் கணக்கிடுதல்.

மூன்று: பால் கொட்டகையிலும் மருந்து கலக்கும் இடத்திலும் ஓடும் தண்ணீர்; ஒழுகாத பம்பு; இலவசக் கையுறை.

நான்கு: நோயைச் சொன்ன காரணத்துக்காக எந்தத் தொழிலாளியையும் ஊருக்கு அனுப்பாமை.

இவற்றுக்குக் காத்திராமல் எங்கள் கிளையில் ஒன்று செய்தோம். மலாய் நன்றாகப் பேசும் தோழர் ஒருவர் கடைசி லயத்துக்குப் போய் உட்கார்ந்து பேசினார். முதலில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பிறகு சட்டையைக் கழற்றிக் காட்டினார்கள். கிளை நிதியிலிருந்து மருந்து வாங்கினோம். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு லயத்திலும் ஒருவர் பாக்கியில்லாமல் பூசிக்கொண்டார்கள். ஞாயிறு காலையில் தீபாவளிக்குப் பலகாரம் சுடும் பெரிய அண்டாக்களில் வெந்நீர் கொதித்தது. கோயிலிலிருந்து பெரட்டுக்களம் வரை கொடியில் துணி காய்ந்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அந்தச் சிறுமி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஏழு மாதமாகிறது, சொறி திரும்பி வரவில்லை.

அவளுடைய தாய்க்கு நான் "ஆப்சென்ட்" எழுதிய மூன்று நாள் சம்பளம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினோம், பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் இரண்டு லயத்தாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தமிழில் பதினாறு, வங்காளத்தில் எட்டு. தோழர்களே, உங்கள் தோட்டத்திலும் அப்படியொரு கடிதம் எழுதுங்கள்.